யூசர் என்றால் யார்

மொந்தேவிதேயோவில் ஜூலை என்றால் குளிர்.
இவர்கள் நதி என்று சொல்வது
எனக்கு இன்னமும் கடலாகத்தான் தெரிகிறது.
ஏழாம் மாடி ஜன்னலை அதன் காற்று
இரவு முழுக்க நகத்தால் கீறிக்கொண்டிருக்கிறது.

விடிவதற்குள் மூன்று மருத்துவமனைகள் ஒன்றாக வேண்டும்.
கையெழுத்துப் போட்டவர்கள் தூங்கப் போய்விட்டார்கள்.
மிச்சம் நாங்கள்:
ஆரக்கிளோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் செய்த சுல்மா,
எஸ்கியூஎல் சர்வர் தார்தோ,
போஸ்ட்கிரஸ் தெரியும் என்பதற்காக
பிர்னோ நகரிலிருந்து வரவழைக்கப்பட்ட நான்.
என் பெயர் யித்கா.
எழுத்தைப் பார்த்து ஹித்கா என்கிறார்கள்.
இரண்டாம் நாளே திருத்துவதை விட்டுவிட்டேன்.

சுரைக்குடுவையில் மாத்தே சுற்றி வந்தது,
ஒரே குழல், மூன்று வாய்.
முதல் சுற்றில் உறிஞ்சித் திருப்பித் தருகையில்
மரியாதைக்கு "கிராசியாஸ்" என்றேன்.
அதன்பிறகு குடுவை என் பக்கமே வரவில்லை.

ஒன்று நாற்பதுக்கு
பட்டியலைப் பார்த்தபடி தார்தோ சொன்னான்:
"அந்த நர்ஸ்-இரண்டு யூசரைத் தூக்கிவிடு சுல்மா,
காலையில் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்."
பழைய பெயர்ப்பலகையைக் கழற்றச் சொல்லும் குரல்.

சுல்மா தட்டினாள். இயந்திரம் மறுத்தது.
ஆள் இல்லாவிட்டாலும் உள்ளே பொருள் இருக்கிறதாம்.
கேஸ்கேட் என்று இன்னொரு சொல் சேர்த்தால்
அடியோடு போகும்.
அவள் அந்தச் சொல்லின் நாலாம் எழுத்தில் இருந்தாள்.

"உங்களிடம் யூசர் என்றால் யார்?"
நான் கேட்டது தார்தோவைத்தான்.

வாசலில் நிற்பவன் லாகின், என்றான் அவன்.
யூசர், ஒவ்வோர் அறையிலும் அவனுக்கு வைத்த பெயர்.
அந்தப் பெயரை எடுத்தால் அறைக்கு ஒன்றும் ஆகாது.

சுல்மாவின் கை கீபோர்டிலிருந்து எழுந்தது.
"எனக்கு யூசர்தான் வீடு.
அவன் பேரில்தான் சுவர், அலமாரி,
அலமாரிக்குள் பதினோரு வருஷத்துத்
தடுப்பூசிக் கணக்கு."

பிறகு நாலு எழுத்துக்கு நாலு தட்டு,
ஒவ்வொன்றாகப் பின்னால் போனாள்.

என் முறை வந்தது. எங்களிடம் யூசரே கிடையாது என்றேன்.
ரோல் மட்டும்தான். உள்ளே நுழையும் உரிமை உள்ள ரோலை
வாய்ப்பழக்கத்தில் யூசர் என்கிறோம்.
"அப்படியென்றால் ஆளும் கூட்டமும் ஒன்றா?"
ஒன்றுதான்.
தார்தோ சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது.
கொஞ்சம் கழித்து எனக்கே சிரிப்பு வந்தது.

பீட்சா அட்டையைக் கிழித்துப் பின்பக்கம் கோடு இழுத்தோம்.
யூசர், ரோல், ஸ்கீமா, ஓனர்:
எழுத்து ஒட்டியது, பொருள் ஒட்டவில்லை.
தார்தோவிடம் "அனாதை யூசர்" என்று ஒரு சொல் இருந்தது,
தரவை வேறு சர்வருக்குத் தூக்கிப் போகும்போது
வாசலில் ஆளில்லாமல்
அறைக்குள்ளேயே தங்கிவிடும் பெயர்.
அதை எழுதும்போது என் கை மெதுவானது.
எண்ணெய்க் கறையில் பேனா வழுக்கியதுதான் காரணம்.

அவனிடம் "டினை" என்றும் ஒன்று உண்டு,
யார் கொடுத்திருந்தாலும் செல்லாது என்று சொல்ல.
சுல்மாவிடமும் என்னிடமும் அது இல்லை.
எங்களால் கொடுக்க முடியும், கொடுத்ததைப் பிடுங்க முடியும்.
கூடாது என்று சொல்ல வாயில்லை,
கொடுக்காமல் சும்மா இருக்கலாம், அவ்வளவுதான்.
"பாவம் நீங்கள்" என்றான்.

மூவருக்கும் ஒத்துப்போனது "பப்ளிக்" ஒன்றே:
எல்லோரும் அதில் இருக்கிறோம்,
யாரையும் அதிலிருந்து நீக்க முடியாது.
சுல்மா அதைச் சுற்றி வட்டம் போட்டாள், இரண்டு தரம்.

மணி நாலு. நாக்கு வறண்டு கேட்டேவிட்டேன்,
எனக்கு மட்டும் ஏன் மாத்தே இல்லை?
சுல்மா நிமிர்ந்து பார்த்தாள்.
"நீதானே கிராசியாஸ் சொன்னாய்?
இங்கே அதற்குப் போதும் என்று அர்த்தம்."

ஆக, ராத்திரி பத்து மணிக்கே
என் உரிமையை நானே ரத்து செய்திருக்கிறேன்.

பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி நீட்டினாள்.
கசப்பு. நல்ல சூடு.
குழல் கரகரக்கும்வரை உறிஞ்சிவிட்டு
குடுவையைத் திருப்பிக் கொடுத்தேன்,
வாயைத் திறக்காமல்.